"நானும் அன்னிக்குச் சண்டை போட்டுட்டுத்தான் வந்தேம்மா"

கேள்வி:

எனக்கு 44 வயது. என் கணவர் 16 மாதங்களுக்கு முன் மாரடைப்பில் இறந்துவிட்டார். அன்று காலை மின்கட்டணம் கட்ட மறந்துவிட்டார் என்று அவரைத் திட்டி அனுப்பினேன். மதியம் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. அந்தக் காலைப்பொழுதிலேயே நான் இன்னும் நின்றுகொண்டிருக்கிறேன். 8 மாதமாக மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன்.

தோழி ஒருத்தி கூப்பிட்டதால், சனிக்கிழமை மாலையில் கூடும் ஓர் ஆன்மிகப் பகிர்வுக் குழுவுக்குப் போகத் தொடங்கினேன். பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக உட்காருவோம். கொஞ்ச நேரம் மௌனம், சிறு பிரார்த்தனை, அப்புறம் ஒவ்வொருவராக மனதில் இருப்பதைச் சொல்ல வேண்டும். முதல் மூன்று வாரமும் அழுதேன். அந்த இரவுகளில் தூக்கம் வந்தது. நான்காவது வாரம் அந்தச் சண்டையைச் சொன்னேன். குழுவை நடத்துபவர், "எல்லாம் அவன் செயல். நீங்க இன்னும் சரணடையலை, அதான் வலிக்குது. மாத்திரை மனசை மந்தமாக்கும். அதை விட்டுட்டு தியானம் பண்ணுங்க" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். பக்கத்தில் இருந்த பெரியவர் மட்டும் பேசாமல் இருந்தார். கூட்டம் முடிந்து படியிறங்கும்போது, "நானும் அன்னிக்குச் சண்டை போட்டுட்டுத்தான் வந்தேம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

"ஏமாற்று வேலை, போகாதே" என்கிறான் அண்ணன். "பாதியில் விட்டால் பலன் கிடைக்காது" என்கிறாள் தோழி. எனக்கோ கடவுள் நம்பிக்கை முன்பு போல இல்லை. பிரார்த்தனையின்போது உதட்டை மட்டும் அசைக்கிறேன். நான் தொடர்ந்து போகலாமா? மாத்திரையை விட்டுவிடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விகளில் மாத்திரை பற்றியதுதான் அவசரம். முதலில் அதை முடித்துவிடுகிறேன். விடாதீர்கள். மனச்சோர்வு மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், குமட்டல், தூக்கமின்மை, எரிச்சல், தலைக்குள் சின்னச் சின்ன மின்னதிர்ச்சி போன்ற உணர்வு எல்லாம் வரலாம். போன மனச்சோர்வு திரும்பி வரவும் கூடும். நன்றாகிவிட்டது என்று தோன்றிய பிறகும் குறைந்தது 6 மாதமாவது தொடரச் சொல்வதும், நிறுத்தும்போது படிப்படியாகக் குறைப்பதும் அதனால்தான். மாத்திரை உண்மையிலேயே உங்களை மந்தமாக்குகிறதா? எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் போய் அதைச் சொல்லுங்கள். அளவை மாற்றலாம், வேறு மருந்து தரலாம். அந்த முடிவு மருத்துவரின் அறையில் எடுக்க வேண்டியது.

இதைக் கொஞ்சம் கடுமையாகச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. இப்படி மாத்திரையை நிறுத்திவிட்டு, நான்காம் நாள் நடுக்கத்தோடு குழுவுக்குப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். "பழைய கர்மம் கழிகிறது, பொறுத்துக்கொள்" என்று அங்கே சொல்லப்பட்டிருக்கிறது. மருந்து நின்றதால் வந்த நடுக்கம் அது.

சரி, இப்போது குழுவுக்கு வருவோம்.

உங்கள் கடிதத்தில் இரண்டு பேர் உங்களிடம் பேசியிருக்கிறார்கள். ஒருவர் எல்லோர் முன்னாலும் பேசினார், மற்றவர் படியிறங்கும்போது. நீங்கள் முதலாமவர் சொன்னதை விரிவாக எழுதிவிட்டு, இரண்டாமவர் சொன்னதை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். நான் அந்த ஒரு வரியில்தான் நின்றுவிட்டேன். ஒரே வேதனை உள்ளவர்கள் கூடிப் பேசும் குழு எதற்காக இருக்கிறதோ, அது அந்தப் படிக்கட்டில்தான் நடந்திருக்கிறது.

இந்த மாதிரிக் குழுக்களின் வரலாற்றிலும் ஒரு படிக்கட்டுப் பேச்சு உண்டு. 1935 மே மாதம். பில் வில்சன் என்ற பங்குத் தரகர், தொழில் விஷயமாக அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்துக்குப் போகிறார். பெரிய குடிகாரராக இருந்து, விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. போன காரியம் தோற்றுப்போகிறது. ஓட்டலில் தனியாக நிற்கிறார், மதுக்கூடத்திலிருந்து சத்தம் கேட்கிறது. குடித்துவிடுவோம் என்ற பயத்தில் தொலைபேசியை எடுத்து, பேசுவதற்கு இன்னொரு குடிகாரர் கிடைப்பாரா என்று தேடுகிறார். கடைசியில் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரைச் சந்திக்கிறார். ஸ்மித்துக்கு இஷ்டமே இல்லை. 15 நிமிடம்தான் என்று சொல்லிவிட்டு வந்தவர், மணிக்கணக்காக உட்கார்ந்து பேசினார். அதற்கு முன்பும் ஸ்மித்துக்குப் புத்தி சொல்ல ஆளில்லாமல் இல்லை. அவரே மருத்துவர், குடி என்ன செய்யும் என்பது அவருக்குத் தெரியாததா? வில்சன் புத்தி சொல்லவில்லை. தன் கதையைச் சொன்னார். சொன்னால்தான் தன்னால் குடிக்காமல் இருக்க முடியும் என்பதற்காகச் சொன்னார். அந்தச் சந்திப்பிலிருந்துதான், குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற அமைப்பு பிறந்தது.

இன்னொன்று உங்கள் நிலைமைக்கு நெருக்கமானது. 1960களின் கடைசியில் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகர மருத்துவமனையில் சைமன் ஸ்டீஃபன்ஸ் என்ற இளம் பாதிரியார் இருந்தார். நோயாளிகளின் குடும்பங்களுக்கு ஆறுதல் சொல்வது அவர் வேலை. பிள்ளையைப் பறிகொடுத்த இரண்டு தம்பதிகள் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டதைப் பார்த்தார். தான் தர முடிந்த ஆறுதலைவிட அவர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டது பெரிது என்று அவருக்குப் புரிந்தது. அதை வைத்து 1969இல் தொடங்கியதுதான் 'கம்பேஷனேட் ஃப்ரெண்ட்ஸ்' என்ற பெற்றோர் குழு. அந்தப் பாதிரியாரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். தன் தொழிலே ஆறுதல் சொல்வதாக இருக்கும் ஒருவர், இங்கே நான் கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டும் என்று புரிந்துகொள்வது சாதாரணமில்லை.

மனநல ஆலோசகர்களான எங்களுக்குத் தமிழில் 'ஆற்றுப்படுத்துநர்' என்று ஒரு பெயர் உண்டு. பெயர்ப்பலகைக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சங்ககாலத்து ஆற்றுப்படையில் வழி சொல்பவர் யார்? வறுமையில் வாடி, ஒரு வள்ளலைக் கண்டு பரிசு பெற்றுத் திரும்பும் பாணன். எதிரே அதே வறுமையோடு வருகிற இன்னொரு பாணனுக்கு, 'நானும் நேற்றுவரை உன்னைப் போலத்தான் இருந்தேன், இந்தப் பக்கமாகப் போ' என்கிறான். அந்தக் கணக்கில் பார்த்தால் படிக்கட்டில் உங்களிடம் பேசிய பெரியவர்தான் ஆற்றுப்படுத்துநர். நானெல்லாம் அப்புறம்தான்.

அவர் சொன்னதில் என்ன இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். அறிவுரை இல்லை. 'பரவாயில்லை'கூட இல்லை. உலகத்திலேயே இப்படி நடந்தது உங்களுக்கு மட்டும்தான் என்று 16 மாதமாக நீங்கள் சுமந்துகொண்டிருந்த ஒன்றை, இன்னொருவரும் சுமக்கிறார் என்ற தகவல் மட்டும் இருந்தது. குழு சிகிச்சையைப் பற்றி நிறைய எழுதிய மனநல மருத்துவர் இர்வின் யாலோம், குழுவில் குணமளிக்கும் காரணிகளில் ஒன்றாக இதைத்தான் வைக்கிறார்: எனக்கு மட்டும் இல்லை என்று தெரிந்துகொள்வது. குற்ற உணர்ச்சிக்கு இது ரொம்பப் பொருந்தும். துக்கத்தை நாலு பேர் முன்னால் அழுது கரைத்துக்கொள்ள முடியும். குற்ற உணர்ச்சியோ வெளியே வரவே வெட்கப்படும். நீங்கள் நான்காவது வாரம்தான் அதைச் சொன்னீர்கள். முதல் மூன்று வாரமும் அந்த இடத்தை நீங்கள் சோதித்துக்கொண்டிருந்தீர்கள் என்று நினைக்கிறேன். இந்த இடம் பாதுகாப்பானதுதான் என்று நம்பிச் சொன்ன அன்றைக்கே, 'நீங்கள் சரணடையவில்லை' என்ற தீர்ப்பு வந்தது. தூக்கம் போனதில் ஆச்சரியமில்லை.

குழுவை நடத்தும் அவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. ஒருவர் தன் வலியை நம் முன்னால் கொட்டும்போது, அதைச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பது கஷ்டம். எதையாவது சொல்லி மூடிவிடத் தோன்றும். நானே செய்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு துயரக் குழுவை நடத்தினேன். ஒரு பெண் "கடவுள்மேல் எனக்குக் கோபம்" என்றாள். நான் உடனே, "கோபம் துயரத்தின் ஒரு கட்டம்தான், கடந்துவிடும்" என்று படித்ததை ஒப்பித்தேன். அவள் சரி சரி என்று தலையாட்டினாள். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கு அடுத்த வாரமும் வரவில்லை. என் பதிலில் கடவுளும் கர்மமும் இல்லை, உளவியல்தான் இருந்தது. வாயை அடைக்க அதுவும் போதுமானதாக இருந்தது.

ஆன்மிகக் குழுக்களில் இந்த ஆபத்து கூடுதல். கையில் இருக்கும் சொற்கள் பெரியவை. ஜான் வெல்வுட் என்பவர் உளவியல் சிகிச்சையாளர், பௌத்த வழியில் தியானம் பழகியவரும்கூட. ஆறாத மனக்காயத்தைத் தொடாமல், தியானம், சரணாகதி, பற்றறுத்தல் என்று அதற்கு மேலே ஏறித் தாண்டிவிடப் பார்ப்பதற்கு அவர் 1980களில் ஒரு பெயர் வைத்தார். தமிழில் 'ஆன்மிகப் புறவழிச்சாலை' என்று சொல்லலாம். ஊருக்குள் போகாமலே ஊரைக் கடந்துவிடுவது. உள்ளே இருந்து பார்த்தவர் சொன்னதால் அதற்கு எடை அதிகம் என்று நினைக்கிறேன்.

'எல்லாம் அவன் செயல்' என்பது மோசமான வாக்கியம் என்று நான் சொல்ல மாட்டேன். நிறையப் பேருக்கு அது ஊன்றுகோல். பல வருடம் கழித்து நீங்களே உங்களுக்கு அதைச் சொல்லிக்கொண்டால், அதில் உண்மையான அமைதி இருக்கலாம். அதே வாக்கியத்தை இன்னொருவர் உங்கள் அழுகைக்கு நடுவில் சொல்லும்போது, 'போதும், நிறுத்து' என்றுதான் காதில் விழும். மதமும் மனநலமும் பற்றி நீண்டகாலம் ஆராய்ந்த உளவியலாளர் கென்னத் பார்கமென்ட் இதை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். துன்பத்தில் கடவுள் தன்னோடு இருக்கிறார் என்று உணர்பவர்களுக்கு நம்பிக்கை கைகொடுக்கிறது. கடவுள் தண்டிக்கிறார், கைவிட்டுவிட்டார் என்று உணர்பவர்களுக்கோ அதே நம்பிக்கை பாரமாகிறது, மனச்சோர்வும் அவர்களிடம் கூடுதலாகத் தென்படுகிறது. 'நீங்கள் சரணடையாததால்தான் வலிக்கிறது' என்ற வாக்கியம் உங்களை இரண்டாவது பக்கமாகத் தள்ளுகிறது. ஏற்கெனவே 'என்னால்தான்' என்று நினைத்துக்கொண்டிருப்பவரிடம், வலிப்பதும் உன்னால்தான் என்று சொன்னது போலாகிவிட்டது.

உதட்டை மட்டும் அசைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அசைக்காமலே உட்கார்ந்திருக்கலாம். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுவினர் 1939இல், குடியிலிருந்து மீளத் தாங்கள் வகுத்த 12 படிகளை அச்சிட்டபோது, 'கடவுள்' என்ற சொல்லை எப்படி எழுதுவது என்று அவர்களுக்குள்ளேயே பெரிய தகராறு நடந்தது. நம்பிக்கையற்றவர்களும் அதில் இருந்தார்கள். கடைசியில் 'நாங்கள் புரிந்துகொண்டபடியான கடவுள்' என்று எழுதினார்கள். சிலருக்கு அந்தக் குழுவே கடவுளின் இடத்தில் இருந்தது. இது ஒரு சமரச வாக்கியம்தான், ஆனால் கதவு அகலமானது. உங்கள் குழுவில் 'எனக்கு இப்போது பிரார்த்தனை வரவில்லை, மௌனமாக இருக்கிறேன்' என்று சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். நம்பிக்கை ஆட்டம் கண்டிருப்பதைச் சொல்ல ஆன்மிகக் குழுவில் இடமில்லை என்றால், வேறு எங்கே போய்ச் சொல்வது?

ஆன்மிகம் என்பதால் கிடைக்கும் நல்லதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஒருதலைப்பட்சமாகிவிடும். என் அறையில் கிடைக்காத ஒன்று அங்கே கிடைக்கிறது: பத்துப் பேர் சேர்ந்து மௌனமாக இருப்பது. சிகிச்சை அறையில் மௌனம் வந்தால் அடுத்த கேள்வி எப்போது வரும் என்று இருவருமே காத்திருப்போம். அங்கே யாரும் எதற்கும் காத்திருப்பதில்லை. அப்புறம், திருத்த முடியாதவற்றைக் கொண்டுபோய் வைக்க ஓர் இடம். உங்கள் கணவரிடம் இனி மன்னிப்புக் கேட்க முடியாது. கேட்க முடியாத மன்னிப்பை யாரிடம் வைப்பது என்ற கேள்விக்கு, உளவியலைவிட வழிபாட்டுக்குப் பழக்கம் அதிகம். முதல் மூன்று வாரம் நீங்கள் தூங்கியது பொய்யில்லை.

ஆகவே, போகலாம். இன்னொரு முறை போய், ஒரு விஷயத்தைச் செய்து பார்க்கலாம். உங்கள் முறை வரும்போது, அல்லது கூட்டத்துக்கு முன்பே நடத்துபவரிடம் தனியாக, இப்படிச் சொல்லுங்கள்: "நான் பேசும்போது யாரும் பதிலோ அறிவுரையோ சொல்லாமல் கேட்டால் போதும். மாத்திரை விஷயத்தை என் மருத்துவரோடு பேசிக்கொள்கிறேன்." இது மரியாதைக் குறைவு இல்லை. பல பழைய குழுக்களில் இது எழுதப்படாத சட்டம்: ஒருவர் பேசும்போது குறுக்கே பேசுவதில்லை, அவருக்குத் தீர்வு சொல்வதில்லை, அவரவர் தன் அனுபவத்தை மட்டும் பேசுவது. மருந்து விஷயத்தில் உறுப்பினர் யாரும் மருத்துவர் வேலை பார்க்கக் கூடாது என்று ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் தன் உறுப்பினர்களுக்கு வெளிப்படையாகவே எழுதிவைத்திருக்கிறது.

அதற்கு என்ன பதில் வருகிறது என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். "ஐயோ, நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்று சங்கடப்பட்டால், தொடரலாம். முகம் மாறினால், 'இங்கே சந்தேகத்துக்கு இடமில்லை' என்ற தொனி வந்தால், குடும்பத்தை விட்டுத் தள்ளியிருக்கச் சொன்னால், பணம் அடிக்கடி பேச்சில் வந்தால், அங்கே பேசிய ரகசியம் வெளியே உலவினால், ஒருவரே எல்லாவற்றுக்கும் விளக்கம் தருபவராக இருந்தால், எழுந்து வந்துவிடுங்கள். பாதியில் விட்டால் பலன் போய்விடும் என்று தோழி சொல்வது விரதத்துக்கு வேண்டுமானால் பொருந்தலாம். உங்கள் அண்ணன் சொல்வதில், மாத்திரை விஷயம் ஒன்றில் மட்டும் அவருடைய பயம் நியாயமானது. அதை நீங்கள் நிறுத்தப்போவதில்லை என்று அவரிடம் சொல்லிவிட்டாலே பாதி சமாதானமாகிவிடுவார்.

குழு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது செய்யாத வேலை ஒன்று உண்டு. 16 மாதம் கழித்தும் அந்தக் காலைப்பொழுதிலேயே நிற்கிறேன் என்கிறீர்கள். ஏக்கமும் வேதனையும் நாள்தோறும் தொடர்ந்து, அன்றாட வாழ்க்கையை முடக்கிப்போட்டால், அதை 'நீடித்த துயரக் கோளாறு' என்று மருத்துவ உலகம் தனியாகவே வகைப்படுத்தியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் அதற்குக் குறைந்தபட்சக் காலம் 6 மாதம், அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் பெரியவர்களுக்கு 12 மாதம். ஒரு கடிதத்தை வைத்து உங்களுக்கு அது இருக்கிறது என்று நான் சொல்ல முடியாது. உங்கள் மருத்துவரிடம் இந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். இதற்கென்றே அமைந்த சிகிச்சை இருக்கிறது. மனநல மருத்துவர் கேத்தரின் ஷியர் உருவாக்கிய முறை 16 அமர்வுகள் கொண்டது. அதில் ஒரு பகுதி, இறந்தவரோடு கற்பனையில் பேசுவது. அவர் எதிரே இருப்பதாக நினைத்து, சொல்ல விட்டுப்போனதைச் சொல்வது, பிறகு அவராகவே இருந்து பதிலும் சொல்வது. உங்கள் மின்கட்டணச் சண்டைக்கு அந்த அறை சரியான இடம். குழுவில் அதைச் செய்ய முயல வேண்டாம், அதற்குப் பழகிய ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இதற்கிடையில் அவரோடு போய்விடலாம் என்றோ, உயிரோடு இருந்து என்ன என்றோ எண்ணம் வந்தால், சனிக்கிழமைவரை காத்திருக்காதீர்கள். அன்றே மருத்துவரிடமோ அவசர சிகிச்சைப் பிரிவுக்கோ போங்கள், கூடவே அண்ணனையும் கூப்பிடுங்கள்.

மாரடைப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. இதயத்தின் ரத்தக்குழாயில் அடைப்பு சேர்வது வருடக்கணக்கில் நடப்பது. மின்கட்டணத்துக்கான ஒரு காலைநேரத் திட்டு அந்த அடைப்பை உண்டாக்குவதில்லை. இதை உங்களிடம் ஏற்கெனவே பலர் சொல்லியிருப்பார்கள், உங்களுக்கும் தெரியும், தெரிந்தும் மனசு கேட்கவில்லை, இல்லையா? 'என்னால்தான்' என்பதில் ஒரு விசித்திரமான பிடிமானம் இருக்கிறது. என்னால் நடந்தது என்றால், நான் வேறு மாதிரி நடந்திருந்தால் தடுத்திருக்கலாம் என்று ஆகிறதே. அந்தப் பிடியை விடுவது என்றால், யாராலும் தடுத்திருக்க முடியாது என்பதை ஏற்க வேண்டியிருக்கும். குற்ற உணர்ச்சியைவிடப் பல சமயம் அது கொடுமையாக இருக்கும். அதனால் விடவில்லையே என்று உங்களை அவசரப்படுத்த மாட்டேன்.

அந்தப் பெரியவர் யாரை இழந்தார் என்று நீங்கள் எழுதவில்லை. கேட்கவில்லை போலிருக்கிறது. அவர் எத்தனை வாரமாக அந்த வட்டத்தில் உட்கார்ந்து, அந்தச் சண்டையைச் சொல்லாமலே வந்துகொண்டிருக்கிறாரோ. நீங்கள் சொன்ன பிறகுதான் அவரால் ஒரு வரியாவது சொல்ல முடிந்தது, அதுவும் படியிறங்கும்போது. அடுத்த சனிக்கிழமை கொஞ்சம் முன்னதாகவே போய், அவர் வந்ததும், "அன்னிக்கு என்ன சண்டைங்க ஐயா?" என்று கேட்டுப் பாருங்கள்.